கோட்டம் எடுத்தல்





பகவான் புத்தர் தமது முதல் அறவுரையை நிகழ்த்தியது வாரணாசியை அடுத்த இசிபதனம் என்னும் மான்சோலையில் என்பதை நாம் அனைவரும் அறிவோம். தருமச் சக்கரம் உருளத் தொடங்கியது அவ்விடத்தில்தான். அதே இசிபதனத்தில் பகவான் வேறொரு சக்கரத்தைப் பற்றியும் பேசியருளினார். அது தேரில் பூட்டும் வெறும் மரச்சக்கரம். அங்குத்தர நிகாயத்தின் மூன்றன் தொகுதியில் அச்சூத்திரம் உள்ளது. முதற்கண் அதனைச் சொல்லி, பின்னர் நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளின் சக்கரத்துக்கு வருகின்றேன்.

இரண்டு சக்கரங்கள்

முன்னொரு காலத்தில் பசேதனன் என்னும் அரசன் இருந்தான். அவன் தன் தேர்த்தச்சனை அழைத்து, "இன்றைக்கு ஆறாம் மாதம் போர் நிகழும், அதற்குள் ஒரு சோடி சக்கரம் செய்ய இயலுமா?" என்று கேட்டான். இயலும் என்றான் தச்சன். ஆறு மாதம் நிறைய ஆறே நாள் எஞ்சியிருந்தபோது ஒரு சக்கரந்தான் முடிந்திருந்தது. அரசன் கவலையுற்றான். தச்சனோ எஞ்சிய ஆறு நாளில் மற்றொன்றையும் முடித்து இரண்டையும் கொண்டுவந்து நிறுத்தினான்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. "இவற்றிடையே வேற்றுமை என்ன?" என்று அரசன் வினவினான். தச்சன் வாயால் விடை சொல்லவில்லை. ஆறு நாளில் செய்த சக்கரத்தை உருட்டிவிட்டான். தள்ளிய விசை உள்ளவரை அது ஓடிற்று. விசை ஓய்ந்ததும் தள்ளாடிச் சுழன்று தரையில் வீழ்ந்தது. அடுத்து, ஆறு நாள் குறைய ஆறு மாதம் உழைத்துச் செய்த சக்கரத்தை உருட்டினான். அதுவும் விசை உள்ளவரை ஓடிற்று. விசை ஓய்ந்த இடத்தில், அச்சில் பூட்டியதுபோல் அசையாமல் நின்றது.

காரணம் கேட்டான் அரசன். வீழ்ந்த சக்கரத்தின் வட்டையிலும் ஆரக்கால்களிலும் குடத்திலும் கோணல் இருந்தது, குற்றம் இருந்தது, கறை இருந்தது என்றான் தச்சன். நின்ற சக்கரத்தில் அவை இல்லை.

இக்கதையைச் சொல்லி முடித்த பகவான், அந்தத் தச்சன் வேறெவனும் அல்லன், தாமே என்று உரைத்தார். அன்று மரத்தின் கோட்டத்தை நீக்குவதில் வல்லவராயிருந்தவர், இன்று உடலின் கோட்டத்தையும் சொல்லின் கோட்டத்தையும் மனத்தின் கோட்டத்தையும் நீக்குவதில் வல்லவராயிருக்கின்றார். இம்மூன்று கோட்டமும் நீங்காதவர், ஆறு நாள் சக்கரம் வீழ்ந்ததுபோல், தம்மத்தினின்று வீழ்வர் என்பதே சூத்திரத்தின் முடிபு.

அன்பர்களே! சக்கரத்தின் வளைவைச் சரிசெய்யும் வேலைக்கு நம் சைக்கிள் கடைக்காரர் இட்டிருக்கும் பெயர் என்ன? "கோட்டம் எடுத்தல்" என்பதன்றோ! கல்லூரி வாயிலை மிதியாத அந்தத் தொழிலாளி, மனக்கோட்டம் என்று புலவர் எழுதும் அதே சொல்லைக் கையில் சாவியுடன் நாள்தோறும் வழங்கி வருகின்றார். ஆதலின் அவர் கடைவாசலில் சிறிது நேரம் நின்று அவ்வேலையைக் கவனிப்பது நமக்குத் தகும். மில்லில் பஞ்சோடும் நூலோடும் முப்பதாண்டு உழைத்த எனக்கு, தொழிலாளியின் கைவேலையே முதற்பள்ளி.

இழுத்து நிற்கும் சக்கரம்

மாட்டுவண்டிச் சக்கரத்தில் பாரம் குடத்தின் வழியே கீழுள்ள மரக்காலின்மேல் இறங்குகின்றது. கால் தடித்தது, தாங்குகின்றது. சைக்கிள் கம்பியோ இரண்டு மில்லிமீட்டர் அளவே பருமன் உள்ளது. தனியே எடுத்துத் தரையில் ஊன்றி விரலால் அழுத்தினால் வளைந்துபோகும். ஆயினும் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என அமைந்த இக்கம்பிகள், ஓர் ஆளையும் அவர் பின்னே ஓர் அரிசி மூட்டையையும் சுமந்து மேடு பள்ளம் கடக்கின்றன. இது எவ்வாறு இயலும்?

கம்பிகள் முட்டுக்கொடுத்துத் தாங்கவில்லை, இழுத்துத் தாங்குகின்றன. ஒவ்வொரு கம்பியின் ஒரு முனை ஹப்பின் துளையில் கொக்கிபோல் மாட்டியிருக்கின்றது. மறுமுனையை ரிம்மில் உள்ள நிப்பிள் திருகிப் பிடித்திருக்கின்றது. பாரம் ஏறுவதற்கு முன்னரே எல்லாக் கம்பிகளும் நான்கு திசையிலும் ரிம்மை ஹப்பின் பக்கம் இழுத்து நிற்கின்றன. பாரம் ஏறியதும் கீழுள்ள சில கம்பிகளின் இழுவை சற்றுக் குறையும், சக்கரம் உருள உருள அவை மீண்டும் இறுகும், அடுத்தவை தளரும். எந்தக் கம்பியும் முற்றும் தளர்ந்துபோகாத வரையில் சக்கரம் உருக்குலையாது.

கம்பிகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கோக்கும் முறையை இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் 1874இல் கண்டார். பெடலை மிதிக்கும் விசையில் ஹப் முறுக்கும்போது பாதிக் கம்பிகள் முன்னோக்கியும் பாதிக் கம்பிகள் பின்னோக்கியும் இழுக்கின்றன. எதிரெதிராக இழுப்பவை போல் தோன்றினும் அவை பகைவர் அல்லர். அவற்றின் எதிர்ப்பே சக்கரத்தின் உறுதி. ஒன்றைச் சார்ந்து ஒன்று நிற்கின்றது என்று பகவான் உரைத்த சார்புநெறிக்கு இதனினும் எளிய சான்று தெருவில் கிடையாது.

அறுந்த கம்பி யார் குற்றம்?

கம்பி எங்கே அறுகின்றது? பெரும்பாலும் ஹப்பை ஒட்டிய வளைவில். அதிலும் பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பக்கத்தில். எதனால் அறுகின்றது? நேற்று விழுந்த ஒரு பள்ளத்தால் என்று வண்டிக்காரர் எண்ணுவார். அனுபவமுள்ள கடைக்காரர் அவ்வாறு சொல்லார். அறுந்த கம்பிக்கு இருபுறமும் உள்ள கம்பிகளை விரலால் நெருடிப் பார்ப்பார். பலவேளை அவை தொளதொளவென்று ஆடும். அவை தம் பங்கை இழுக்காமையால், நடுவில் நின்றது அவற்றின் பங்கையும் சேர்த்து இழுத்தது. பல்லாயிரம் சுற்றுக்களில் அதன் வளைவு சிறிது சிறிதாகச் சோர்ந்தது, ஒருநாள் அறுந்தது. கம்பியை அறுப்பது பாரமன்று, ஏற்றத்தாழ்வு.

அன்பர்களே, இதனை நம்மோடு பொருத்திப் பார்ப்போம். நான் அறிந்த ஒரு சங்கத்தில் ஒரு செயலாளர் இருந்தார். படிப்பகத்தைத் திறப்பவர் அவர், பெருக்குபவரும் அவர். நள்ளிரவில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் எழுப்பப்படுபவர் அவர். கைம்பெண்ணுக்கு உதவித்தொகை மனு எழுதுபவர் அவர். வாடகை குறைந்தால் கைப்பொருளை இடுபவரும் அவரே. பல்லாண்டுகள் இவ்வாறு ஓடின. ஒருநாள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. உறுப்பினர்கள், "அவருக்குச் சிரத்தை போய்விட்டது" என்றனர். வேறொருவரை அமர்த்தினர், அவர் இரண்டாண்டில் விலகினார். மூன்றாமவர் ஓராண்டும் நில்லவில்லை. "நம் மக்களுக்கே பற்று இல்லை" என்று அப்பொழுதும் பேசினார்களேயன்றி, அறுந்த கம்பிக்கு அருகில் இருந்தவர்கள் எவ்வளவு இழுத்தார்கள் என்று எவரும் நெருடிப் பார்க்கவில்லை.

இல்லத்திலும் இவ்வாறே. கணவன் பௌர்ணமி உபோசதம் நோற்று வெள்ளுடை உடுத்து அமைதியாக அமர்ந்திருக்கின்றான். குழாயடியில் வரிசையில் நிற்பவள் மனைவி. பிள்ளைகளை எழுப்பி உணவூட்டுபவள் அவள். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மருந்து கொடுப்பவளும் அவளே. ஒருநாள் அவள் சீறி ஒரு சொல் சொல்லிவிட்டால், "இவளுக்குப் பொறுமை என்னும் பாரமிதை தெரியவில்லை" என்கின்றான்! தளர்ந்த கம்பி, இறுகிய கம்பிக்கு அறம் போதிக்கின்றது.

ஒரு கம்பி அறுந்தால் ஒன்றை மாற்றினால் போதும். அடுத்தடுத்து மூன்று நான்கு அறுந்தால், மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மற்றவையும் அதே அளவு சோர்ந்திருக்கின்றன என்பதே அதன் பொருள். அப்பொழுது எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டுப் புதுக்கம்பியும் புது நிப்பிளும் இட்டுச் சக்கரத்தைப் புதிதாகக் கட்டவேண்டும். பழைய நிப்பிளின் முகம் மழுங்கியிருக்கும், சாவி பிடிக்காது, மரையில் துரு ஏறியிருக்கும். புதுக்கம்பியைப் பழைய நிப்பிளில் நம்பிக் கட்டுபவர் நல்ல தொழிலாளி அல்லர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹப்பும் ரிம்மும் நல்லனவாயின் அவற்றை எவரும் வீசி எறிவதில்லை. புதிதாவது சுமையைப் பகிரும் முறைதான். நம் ஊர்களில் ஒரு பூசல் நேர்ந்ததும் நால்வர் பிரிந்துபோய்ப் புதுப் பெயர்ப்பலகை மாட்டி வேறு சங்கம் தொடங்குகின்றனர். பலகை புதிது, உள்ளே அதே தளர்ந்த கம்பிகள். அச்சக்கரம் எத்தனை தூரம் ஓடும்?

அரைத் திருகு

இனி, கட்டும் முறையைக் காண்போம்.

முதலில் அச்சைப் பார்க்கவேண்டும். கோன் தளர்ந்து அச்சு ஆடினால், ரிம் எவ்வளவு நேராயிருப்பினும் சக்கரம் ஆடுவதாகவே தோன்றும். அச்சைச் சரிசெய்யாமல் கோட்டம் எடுப்பது வீண். எட்டுறுப்பு நெறியில் நற்காட்சி முதலில் நிற்பது இதனால்தான். வினை உண்டு, அதற்கு விளைவு உண்டு, பிறப்பால் எவரும் உயர்ந்தவரோ தாழ்ந்தவரோ அல்லர் என்னும் தெளிவு ஆடிக்கொண்டிருந்தால், மேலே செய்யும் வழிபாடுகள் யாவும் ஆடும்.

அடுத்து, கம்பிகளை ஹப்பின் இருபுறத்துத் துளைகளிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ளிருந்தும் வெளியிருந்தும் கோத்து, முறைப்படி குறுக்கிட்டு, ரிம்மின் துளைகளில் கொண்டுபோய் நிப்பிள் மாட்டவேண்டும். கம்பியின் நீளம் பொருந்தியிருத்தல் வேண்டும். குறைந்தால் நிப்பிளில் மரை போதிய அளவு பிடிக்காது. மிஞ்சினால் முனை நீட்டி டியூபைக் குத்தும். மரையில் ஒரு துளி எண்ணெய் இடவேண்டும். எல்லா நிப்பிள்களையும் முதலில் ஒரே அளவுக்குத் தளரவே மாட்டவேண்டும். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்றவை ஒழுங்காக வந்து சேரா.

பின்னர் காற்றுக்குழல் துளையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நிப்பிளுக்கும் அரைத் திருகு வீதம் ஒரு சுற்று. மீண்டும் அரைத் திருகு வீதம் மற்றொரு சுற்று. டயர் பக்கமிருந்து பார்த்து வலமாகத் திருகினால் இறுகும். இறுக்கம் ஏறஏறத் திருகின் அளவு கால் ஆகும், அதனினும் குறையும். அவசரக்காரர் வளைந்த இடத்தைக் கண்டவுடன் அங்குள்ள ஒரே நிப்பிளை மூன்று திருகு திருகுவார். அவ்விடம் நேராகும், அதற்கடுத்த இடம் கோணும். அதைத் திருகுவார், மூன்றாவது இடம் மேடாகும். மாலைக்குள் சக்கரம் எட்டு என்னும் எண்ணைப்போல் முறுகிக் கிடக்கும்.

தேர்ந்தவர் அவ்வாறு செய்யார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஓரத்தில் விரலையோ சுண்ணக்கட்டியையோ பிடித்துக் கோணல் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று காண்பார். ரிம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அவ்விடத்து இடப்பக்கக் கம்பிகளைச் சிறிது இறுக்குவார். வலப்பக்கக் கம்பிகளை அதே அளவு தளர்த்துவார். வெளியே மேடிட்டிருந்தால் அங்குள்ள இருபக்கக் கம்பிகளையும் சேர்த்து இறுக்குவார். ஒருபோதும் ரிம்மைச் சுத்தியால் அடித்து நேராக்க முயலார்.

நாம் நம் பிள்ளைகளின் கோட்டத்தையும் அயலாரின் கோட்டத்தையும் எவ்வாறு எடுக்கின்றோம்? குடித்துவிட்டு வந்த இளைஞனைச் சபையில் நிறுத்தி வசைபாடுகின்றோம். அது சுத்தியடி. அவன் கோணிய பக்கம் எது, எதிர்ப்பக்கத்தில் அவனைப் பிடித்து இழுக்கவேண்டிய நண்பனும் தமையனும் எங்கே தளர்ந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

நம் கோட்டமோ மூன்று வகைத்து. மது, சூது, மனைவிமேல் ஓங்கும் கை: இவை உடலின் கோட்டம். மணப்பேச்சு நடக்கும்போது, முச்சரணம் சொன்ன அதே வாயால், "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று மெல்லக் கேட்பது சொல்லின் கோட்டம். வாயால் கேளாமலே உள்ளத்தில் அக்கணக்கை வைத்திருப்பது மனத்தின் கோட்டம். இது மூன்றிலும் நுண்ணியது. சக்கரம் வேகமாகச் சுழலும்போதுதான் தெரியும்.

வீணையின் நரம்பு

எவ்வளவு இறுக்கவேண்டும்? இங்கு மற்றொரு சூத்திரம் நினைவுக்கு வருகின்றது. சோணர் என்னும் பிக்கு அடி தேய்ந்து குருதி ஒழுகும்வரை நடந்து தியானித்தும் பயன் காணாமல், இல்லறத்துக்கே மீளலாமா என்று எண்ணினார். இல்லறத்தில் அவர் வீணையில் வல்லவர். பகவான் அவரிடம் வந்து, நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் வீணை இசைக்குமா என்று கேட்டார். முயற்சியும் அவ்வாறே சமநிலையில் நிற்கவேண்டும் என்று உணர்த்தினார்.

நல்ல சைக்கிள் தொழிலாளி சக்கரத்தின் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்க்கின்றார்! ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே ஒலி எழுப்பினால் இழுவை சமம். ஒன்று மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்தது. கீச்சென்றால் மிக இறுகியது. பின்சக்கரத்தில் மட்டும் வலப்பக்கத்துக் கம்பிகள் சற்று உயர்ந்த ஒலி தரும். பிரீவீலுக்கு இடம்விட்டு நிற்பதால் அப்பக்கம் கூடுதலாக இழுக்கவேண்டும். இதனை அவர் குறையெனக் கொள்ளார். வலியவர் ஒரு பங்கு மிகுதியாக இழுப்பது முறையே. அப்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து இழுக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே மாதந்தோறும் நோன்பிருந்து உடல் மெலிபவரும், ஆண்டுக்கொருமுறை வைசாகப் பௌர்ணமியன்று மட்டும் விகாரை வாசலைக் காண்பவரும் ஒரே சக்கரத்தில் இருத்தல் நன்றன்று. முன்னவர் சற்றுத் தளர்க. பின்னவர் சற்று இறுகுக.

கட்டியபின் செய்யும் வேலை

சக்கரம் நேராகிவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. தொழிலாளி இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் பிடித்து வலுவாக நெரிக்கின்றார். சிலவேளை கிறீச்சென்ற ஒலி எழும். முறுகிநின்ற கம்பிகள் தத்தம் இடத்தில் அமரும். உடனே சிறு கோட்டம் மீண்டும் தோன்றும். அதை எடுத்தபின்னரே டியூபும் டயரும் ஏற்றுவார். நிப்பிளுக்கு மேல் நீட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து, அவற்றின்மேல் பட்டை சுற்றுவார். அனுப்பும்போது, "சில நாள் ஓட்டிவிட்டு ஒருமுறை கொண்டுவாருங்கள்" என்பார்.

சிலர் கேட்கலாம்: "நாங்கள் தீட்சை பெற்றுவிட்டோமே; இன்னும் என்ன கோட்டம்?" 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் முச்சரணமும் பஞ்சசீலமும் ஏற்று, திரண்டிருந்த மக்களுக்கு 22 உறுதிமொழிகளையும் அளித்தார். சக்கரம் அன்று கட்டப்பட்டது. ஆயின் அந்த உறுதிமொழிகளைப் படித்துப் பாருங்கள்; அவற்றுட் பெரும்பாலானவை இனிமேல் நாள்தோறும் செய்வேன், செய்யேன் என்று அமைந்தவை. அவை சக்கரத்தோடு நம் கையில் கொடுக்கப்பட்ட சாவி. சாவியைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்தால் கோட்டம் போகுமா?

வாழ்க்கை நம்மை நெரிக்கும். வேலை போகும், நோய் வரும், பெண்ணுக்கு மணம் தள்ளிப்போகும். அப்பொழுது, போய்விட்டது என்று நாம் எண்ணிய பழைய கோட்டம் மீண்டும் தலைகாட்டும். கண்டு அஞ்சவேண்டா. நெரித்தபின் தோன்றும் கோட்டமே கடைசியாக எடுக்கவேண்டிய கோட்டம். அதற்காகவே உபோசத நாட்கள் வகுக்கப்பட்டன; அவை சக்கரத்தைத் தூக்கிநிறுத்திச் சுழற்றிப் பார்க்கும் நாட்கள்.

இந்திய நாட்டின் கொடியில் 24 ஆரங்களுடன் அசோகரின் தருமச் சக்கரம் நிற்கின்றது. 1947 சூலை 22இல் அரசியல் நிர்ணய சபை அதனை ஏற்றது. அதைக் காணும்போதெல்லாம் நம் நெஞ்சம் நிமிர்கின்றது, நிமிரட்டும். ஆனால் துணியில் எழுதிய சக்கரத்துக்குக் கோட்டம் இல்லை. மண்ணில் உருளும் சக்கரத்துக்கே கோட்டம் உண்டு. அது நாமே.

ஆதலின் தம்ம அன்பர்களே, வரும் பௌர்ணமிக்குள் ஒவ்வொருவரும் ஒன்று செய்வோமாக. நம் அருகில் மிக இறுகி நிற்கும் கம்பி யார் என்று காண்போம். அது செயலாளராயிருக்கலாம், மனைவியாயிருக்கலாம், உடன்பிறந்தாருள் தாயைத் தனியே பேணும் ஒருவராயிருக்கலாம். அவரிடம் சென்று அறிவுரை கூறாமல், அவர் சுமையில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்வோம். அரைத் திருகு போதும். அடுத்த பௌர்ணமிக்கு இன்னொரு அரைத் திருகு.

ஆறு நாள் சக்கரமாய் வீழாமல், விசை ஓய்ந்த பின்னும் நிலைநிற்கும் சக்கரமாய் நாம் ஆவோமாக. எல்லா உயிரும் நலம் பெறுக!

சாது! சாது! சாது!